ஆளுக்குப் பாதி பாறை

என் சகலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். முப்பத்து நான்கு வருடம் எடுத்தார். அவர் எலும்பு பார்க்காத குடும்பம் எங்கள் ஊரில் கிடையாது. பார்த்ததை ஒருத்தரிடமும் சொன்னதும் கிடையாது. "மூச்சை இழு. அடக்கு. விடு. வெளிய உட்காரு, டாக்டர் சொல்லுவாரு." வேலை நேரத்தில் அவர் வாயிலிருந்து வருவது இவ்வளவுதான். வீட்டில் இதைவிடக் குறைவு.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை, ஏனென்பது கடைசியில் தெரியும்.

நான் சலவைக் கடை வைத்திருப்பவன். அவர் அக்காவைக் கட்டினார், நான் தங்கையைக் கட்டினேன். ஒருமுறை கடைப் படியில் ஈரத்தில் வழுக்கி விழுந்து எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. சகலைதான் படம் எடுத்தார். கை என்னுடையது, படம் அவர் கையில், நடுவில் வேறு ஆளே இல்லை.

"அண்ணே, உடைஞ்சிருக்கா?"

"டாக்டர் சொல்லுவாரு."

"டாக்டர் சாப்பிடப் போயிருக்காராம்."

"சாப்பிட்டு வந்து சொல்லுவாரு."

"நீங்க பார்த்தீங்கல்ல? சும்மா தலையையாவது ஆட்டுங்க."

அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. உள்ளே போய் ஒரு தலையணை கொண்டுவந்து என் கைக்கு அடியில் வைத்தார். பிறகு என் மனைவிக்கு ஃபோன் செய்து, வரும்போது முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையாகப் பார்த்து ஒன்று எடுத்துவரச் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து, இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது என்றார். சகலை அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல நின்றார். எனக்கு வந்த கோபத்தில் இன்னொரு கையையும் உடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எங்கள் மாமனாருக்கு நுரையீரலில் புற்று வந்தபோதும் இதே கதைதான். முதல் படத்தை எடுத்தவர் இவர். அது என்னவென்று அப்போதே இவருக்குத் தெரிந்திருக்கும். பெரிய டாக்டர் வெளியூரிலிருந்து வந்து பார்த்துச் சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் இவர் வாயைத் திறக்கவில்லை. தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் மாமாவைப் படகில் ஏற்றிக்கொண்டு விரிகுடாவைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்தார், அவ்வளவுதான். விஷயம் தெரிந்த பிறகு என் மனைவி, "அத்தானுக்கு நெஞ்சுல என்ன கல்லா? முதல்லயே சொல்லியிருந்தா அப்பாவோட ரெண்டு வாரம் கூட இருந்திருப்பேனே" என்று ஒரு மூச்சு அழுதாள். நானும் சேர்ந்து திட்டினேன்.

மாமா கணக்கு வாத்தியார். பதினான்கு அடி நீளத்தில் ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார், சின்ன மோட்டார் ஒன்றும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலோடு விரிகுடாவுக்குள் போய்விடுவார். விற்பதற்கு இல்லை. ஆறு நாள் பிள்ளைகளோடு கத்தியதற்கு ஏழாம் நாள் பேசாமல் இருக்க வேண்டும், அதற்குத்தான். அப்படிப் பல வருடம் அலைந்து, தண்ணீருக்கு அடியில் ஒரு பாறையைக் கண்டுபிடித்திருந்தார். ஈயக்குண்டின் அடியில் சோப்பை அப்பி இறக்குவாராம். மணல் ஒட்டிக்கொண்டு வந்தால் கீழே மணல். சோப்பு நசுங்கி வெறுமனே வந்தால் பாறை. அந்தப் பாறை ஒரு வீட்டு ஹால் அளவுதான் இருக்கும், ஆனால் மீனெல்லாம் அங்கேதான் குடித்தனம். பத்து முழம் தள்ளி நங்கூரம் போட்டால் கெளுத்திகூடக் கிடைக்காது.

கடலில் ஓர் இடத்தைத் திரும்பப் போய்ப் பிடிக்க இரண்டு நேர் வேண்டும். கரையில் இருக்கும் ஏதோ இரண்டு பொருள், ஒரு கட்டடமும் ஒரு மரமும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து நின்றால் அது ஒரு நேர். இன்னொரு பக்கக் கரையில் அதேபோல இன்னொரு நேர். இரண்டும் எங்கே வெட்டிக்கொள்கிறதோ அங்கே பாறை. ஒரு நேர் மட்டும் தெரிந்தால் அந்தக் கோட்டிலேயே விரிகுடா முழுக்க ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாமா படுத்த படுக்கையான பிறகு ஆஸ்பத்திரியில் எல்லாரையும் கூப்பிட்டு, "பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு நேர், சின்ன மாப்பிள்ளைக்கு ஒரு நேர். ரெண்டு பேரும் சேர்ந்து போனாத்தான் மீன்" என்றார். கணக்கு வாத்தியார் புத்தி. பெண்கள் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முதலில் சகலை உள்ளே போனார். இருபது நிமிடம் ஆயிற்று. அப்புறம் நான் போனேன். மாமா கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தார். குனிந்து காதை வைத்தேன். உதடு அசைந்தது.

"ஃபேனைக் குறைங்க, மாப்பிள்ளை."

நான் அப்படியே குனிந்தபடி காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டார். "மாமா" என்றேன். "மாமா, அந்த நேர்..." என்றேன். ஒன்றும் இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. பெரியவருக்கு இருபது நிமிடம், எனக்கு ஃபேன். கல்யாணம் ஆன நாளிலிருந்தே அப்படித்தான், அவர் அரசாங்க உத்தியோகம், நான் துணி தேய்ப்பவன். நான் என்ன இந்த வார்டில் வேலைக்கா இருக்கிறேன், ஃபேனைக் குறைக்கவும் கூட்டவும்? ஆத்திரத்தில் சுவிட்சுப் பக்கமே போகாமல் விறுவிறு என்று வெளியே வந்துவிட்டேன். வாசலில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்பா சொன்னாராங்க?" என்றாள் என் மனைவி.

அவள் முகத்தைப் பார்த்தேன். அக்கா முகத்தைப் பார்த்தேன். உன் அப்பா என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

"சொன்னாரு" என்றேன்.

சகலை என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. "சரி" என்றார். மூன்றாம் நாள் மாமா போய்விட்டார்.

இப்படியாக, இல்லாத ஒரு நேருக்குச் சொந்தக்காரனாகி நான் படகில் ஏறினேன். ஏற்பாடு சுலபமானது. சகலை பின்னால் உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்துக்கொள்வார். கழுத்தைத் திருப்பிக் கிளம்பிய கரையைப் பார்த்தபடி, தன் நேர் தவறாமல் ஓட்டுவார். நான் முன்னால், மடியில் நங்கூரத்தை வைத்துக்கொண்டு வலது பக்கக் கரையைப் பார்க்க வேண்டும். என் நேர் வந்ததும் "போடலாம்" என்று சொல்லி நங்கூரத்தைப் போட வேண்டும். ஒருவர் நேரை ஒருவர் கேட்கக் கூடாது.

இதில் இன்னொரு சங்கடம். எனக்குத் தூரப் பார்வை மட்டம். சோடாப் புட்டிக் கண்ணாடி போட்டிருப்பவன். முதல் ஞாயிறே குனிந்து நங்கூரம் போட்டதில் கண்ணாடி தண்ணீருக்குள் போய்விட்டது. "இனிமே கண்ணாடியோட படகுல ஏறினா, அப்படியே கடல்லயே இருந்துக்கோங்க, வீட்டுக்கு வராதீங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். ஆகவே அடுத்த ஞாயிறு முதல், நேரும் இல்லாமல் கண்ணும் இல்லாமல், வலது கரையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தது ஒரு சாம்பல் பட்டை. அதற்கு மேல் வானமா மலையா என்பது ஊகம்.

முதல் நான்கு ஞாயிறும் தோன்றிய இடத்தில் "போடலாம்" என்றேன். நான்கு ஞாயிறும் தூண்டில் இறாலைத் தண்ணீரில் ஊற வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம். சகலை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான், "நீரோட்டம் சரியில்ல" என்றேன். "இருக்கும்" என்றார்.

ஐந்தாம் ஞாயிறு ஓர் இடத்தில் மோட்டார் சத்தம் கொஞ்சம் இறங்கியது.

"என்னண்ணே?"

"பெட்ரோல் மிச்சம் பண்ணலாம்னு."

எதற்கும் இருக்கட்டும் என்று, "போடலாம்" என்றேன். தூண்டிலை இறக்கி ஒரு நிமிடம் ஆகவில்லை, உள்ளங்கை அகலத்தில் சங்கரா ஒன்று ஏறியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. மத்தியானத்துக்குள் பதினோரு மீன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறும் மோட்டார் இறங்கியது, நானும் "போடலாம்" என்றேன், மீனும் வந்தது. அன்றைக்கே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அதாவது, பிடிபட்டதாக நினைத்தேன். மாமா உயிரோடு இருக்கும்போது சகலை அவரோடு சாயங்காலமெல்லாம் சுற்றியிருக்கிறார். பாறை வரும்போது கை பழக்கத்தில் தானாகத் தளர்கிறது, பாவம், அது அவருக்கே தெரியவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

பத்தொன்பது வருடம் அப்படித்தான் உட்கார்ந்தேன். மனுஷனை எப்படி ஏமாற்றுகிறோம் பார் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. ஒரு தடவை எனக்கு ஜலதோஷம் பிடித்துக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. மோட்டார் சத்தம் எதுவும் விழவில்லை. கரையை முறைத்துக்கொண்டே இருக்கிறேன். பின்னால் சகலை இருமினார். மறுபடி இருமினார். பிறகு இறால் டப்பா என் முதுகில் வந்து இடித்தது.

"கால் பட்டுடுச்சு" என்றார்.

"போடலாம்" என்றேன். அன்றைக்கு மூன்று கிலோ கொடுவா.

படகுத்துறையில் எங்களுக்கு 'எக்ஸ்ரேயும் இஸ்திரியும்' என்று பெயர். தூண்டிலுக்கு உயிர் இறால் விற்கும் ஆள் ஒருவர் அங்கே உண்டு. "எந்தப் பக்கம் போறீங்க, எங்க கிட்ட மட்டும் சொல்லக் கூடாதா?" என்று வாராவாரம் கேட்பார். நான் சகலையைக் கைகாட்டுவேன். "சின்னவரைக் கேளு, அவர்தான் போடச் சொல்றவரு" என்பார் சகலை, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். சகலையின் மகள் ஒரு தடவை, ஃபோனில் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் வேலை முடிந்ததே என்றாள். "தாத்தா ரெண்டு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்தாரு, ஃபோனுக்குக் கொடுக்கல" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து படகில் ஃபோன் கிடையாது. இரண்டு ஃபோனும் இறால்காரர் பெட்டிக்கடையில் இருக்கும்.

படகில் நாங்கள் என்ன பேசுவோம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. அவர் பின்னால், நான் முன்னால். வெயில் ஏறினால் அவர் தன் தொப்பியை நீட்டுவார், நான் வேண்டாம் என்பேன், அவர் திரும்பப் போட்டுக்கொள்வார். ஆறு மணி நேரத்தில் அதுதான் பெரிய உரையாடல்.

போன வருடம் சகலை ரிட்டயர் ஆனார். இரண்டு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "மக ஊருக்கே போயிடலாம்னு இருக்கோம். உங்க அக்காவுக்கு முட்டி தேய்ஞ்சு போச்சு, மாடி ஏற முடியல. அங்க வீடு கீழ்த்தளம்" என்றார். என் மனைவி மூக்கை உறிஞ்சினாள். நான் தண்ணீர் குடித்தேன்.

"படகு உன்னுது, தம்பி" என்றார் என்னிடம். "கடைசி ஞாயிறு என் நேரை உனக்கு எழுதிக் கொடுத்துடறேன். உன்னுது உன்கிட்ட இருக்கு. முழுப் பாறையும் உனக்குத்தான்."

"என்னுது உங்களுக்குச் சொல்ல வேண்டாமாண்ணே?"

"நான் எங்க வரப்போறேன்? வேண்டாம்."

என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கணக்கு என்ன? அவர் போய்விட்டால் மோட்டாரைக் குறைக்க ஆள் இல்லை. அவர் பாதியை வைத்துக்கொண்டு ஒரு கோட்டிலேயே ஓடலாம், நிற்க முடியாது. பாறை வேண்டும் என்றால் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மாமா எனக்கு ஒன்றும் சொல்லவில்லை அண்ணே, ஃபேனைக் குறைக்கச் சொன்னார், பத்தொன்பது வருடமாக உங்கள் மோட்டார் சத்தத்தில்தான் வண்டியை ஓட்டினேன் என்று சொல்ல வேண்டும். அவர் மனைவியிடம் சொல்வார். அவர் மனைவி என் மனைவியிடம் சொல்வாள். அதற்குப் பிறகு என் வீட்டில் எனக்கு இருக்கும் மரியாதை என்ன? அப்பா தன் புருஷனிடம் சொல்லிவிட்டுப் போன ஒரே ரகசியம் என்று பத்தொன்பது வருடமாக அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

சொல்லாவிட்டால் பாறை போயிற்று. மாமா அலைந்து அலைந்து கண்டுபிடித்த இடம், என் ஒரு பொய்யால் யாருக்கும் இல்லாமல் போகும்.

கடைசிக்கு முந்தின ஞாயிறு ஒரு யுக்தி செய்தேன். ஃபோனை பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். நங்கூரம் போட்டதும் அவருக்குத் தெரியாமல் இடத்தைக் குறித்துவிட வேண்டியது. மோட்டார் இறங்கியது. "போடலாம்" என்று நங்கூரத்தை வீசினேன். கயிறு பையில் மாட்டி, பையையும் உருவிக்கொண்டு போயிற்று. அதே சமயம் பார்த்து யாரோ எனக்கு ஃபோன் செய்தார்கள். இரண்டு தடவை மணி அடித்துக்கொண்டே தண்ணீருக்குள் போயிற்று.

"என்ன தம்பி விழுந்துச்சு?"

"ஈயக்குண்டு."

"சத்தம் வந்துச்சே."

"பெரிய குண்டு."

"சரி" என்றார் சகலை. பாறை இருக்கும் இடம் என் ஃபோனுக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியும், அங்கேதான் இருக்கிறது.

கடைசி ஞாயிறு வந்தது. அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பாறைக்காக மட்டும் சொல்லவில்லை. ஆறு மணி நேரம் ஒரே படகில் பேசாமல் உட்கார்ந்திருக்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சொல்லிவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் ஏறினேன். நங்கூரம் போட்டாயிற்று, தூண்டில் இறக்கியாயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அண்ணே, ஒரு விஷயம்."

"சொல்லு."

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில மாமா..."

"தூண்டில் இழுக்குது, பாரு."

இழுக்கத்தான் செய்தது. என் தூண்டில் கழியே வளைந்து தண்ணீரைத் தொட்டது. கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிப் படகில் தூக்கிப் போட்டபோது, கொடுவா என் தொடை நீளம் இருந்தது, எனக்கு மூச்சு வாங்கியது. சேர்த்து வைத்திருந்த தைரியம் மொத்தமும் அதில் செலவாகிவிட்டது.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"மாமா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாருன்னு."

"ஆமா" என்றார்.

படகுத்துறையில் இறங்கியதும் தன் பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் கொடுத்தார். எக்ஸ்ரே படம் போட்டுக் கொடுக்கும் பெரிய உறை. நான்கு பக்கமும் டேப் ஒட்டியிருந்தது.

"அடுத்த ஞாயிறு தண்ணியில போய்ப் பிரி. கரையில பிரிக்காதே."

"ஏண்ணே?"

"கரையில பிரிச்சா அப்பவே ஃபோன் பண்ணுவ. எனக்கு லாரியில சாமான் ஏத்தணும்." கொஞ்சம் நின்று, "கண்ணாடி எடுத்துட்டுப் போ. என் கையெழுத்து உனக்குப் புரியாது" என்றார்.

அந்த வாரம் முழுக்க உறை கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. துணி கொண்டுவந்தவர்களெல்லாம் யாருக்கு என்ன உடைந்தது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பிரிக்க மனம் வரவில்லை. பிரித்து என்ன ஆகப்போகிறது, பாதிதானே?

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். மனைவியிடம் கெஞ்சிக் கூத்தாடி, கண்ணாடியை நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தேன். பின்னால் அவர் இடத்தில் உட்கார எனக்கு என்னவோ போல இருந்தது. கொஞ்ச தூரம் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு உறையைப் பிரித்தேன். உள்ளே ஒரே ஒரு காகிதம்.

'என்னுது: துறையை விட்டு வெளியே வந்ததும் திரும்பிப் பார். ஆஸ்பத்திரி மாடியில் இருக்கும் கம்பம், பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குச் சரி நடுவில் வர வேண்டும். தொட்டியை இரண்டாக வெட்டினமாதிரித் தெரியும். அப்படியே வைத்து ஓட்டு.

உன்னுது (ஒருவேளை மறந்துபோயிருந்தால்): வலது கரை. ஐஸ் ஃபாக்டரிப் புகைபோக்கி, மலையின் இரண்டு முகட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் வந்து உட்காரும். அப்போது போடலாம்.'

இரண்டாவது பத்தியை நான்கு தடவை படித்தேன். பிறகு மோட்டாரைப் போட்டு, தொட்டியை இரண்டாக வெட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன். கண்ணாடியோடு வலது கரையைப் பார்த்தேன். அந்த மலைக்கு இரண்டு முகடு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். புகைபோக்கி மெதுவாக நகர்ந்து வந்து பள்ளத்தில் உட்கார்ந்தது. நிறுத்த வேண்டுமே என்று கை கைப்பிடியைத் திருப்பியது. மோட்டார் சத்தம் இறங்கியது.

அந்தச் சத்தம்தான். பத்தொன்பது வருடம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட அதே சத்தம். பெட்ரோலும் இல்லை, பழக்கமும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பாறைக்கு மேல் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நான் சொல்வதற்காக அந்த மனுஷன் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நங்கூரம் போட்டேன். தூண்டில் போடத் தோன்றவில்லை. உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதேன்.

கரைக்கு வந்து, இறால்காரர் பெட்டிக்கடையில் இருந்த என் புது ஃபோனை எடுத்துக் கூப்பிட்டேன். உடனே எடுத்துவிட்டார்.

"மீன் கிடைச்சுதா, தம்பி?"

"அண்ணே, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எது?"

"விளையாடாதீங்கண்ணே. மாமா எனக்கு ஒண்ணும் சொல்லலன்னு."

பின்னால் பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது.

"நீ வெளிய வந்த அன்னைக்குச் சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டாரு. உன் நேரை என்கிட்ட சொல்லி, சின்ன மாப்பிள்ளைகிட்ட கொடுத்துடுங்கன்னாரு. அதுக்குள்ள நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டாருன்னு சொல்லிட்ட."

"அப்பவே என்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நீ பொய் சொன்னேன்னு சொல்ற மாதிரி ஆகும். நாலு வாரம் பார்த்தேன், நீயாக் கேப்பேன்னு. கேக்கல. அப்புறம்தான் மோட்டாரைக் குறைச்சேன்." கொஞ்சம் இருமினார். "தெரியறதைச் சொல்றது என் வேலை இல்ல, தம்பி. கைக்குத் தலையணை வேணா வைக்கலாம்."

ஆனாலும் என் குணம் விடுமா? இத்தனை வருடமாக உள்ளே கிடந்து அறுத்ததைக் கேட்டுவிட்டேன்.

"உங்களை உட்கார வச்சு இருபது நிமிஷம் பேசினாரு. அதுக்கப்புறம் என்னோடதையும் உங்ககிட்டயே சொன்னாரு. என்கிட்ட நேர்ல சொல்ல அவருக்கு என்னண்ணே? துணி தேய்க்கறவன்னா அவ்வளவு இளப்பமா?"

"அடப்பாவி" என்றார் சகலை. அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "அதையா இத்தனை நாள் வச்சிருந்த? அவருக்கு மூச்சு எங்க இருந்துச்சு பேச? எனக்குச் சொன்னதே ஒவ்வொரு வார்த்தையா, அதான் இருபது நிமிஷம். நீ வந்து குனிஞ்சப்போ ஃபேன் நேரா மூஞ்சில அடிச்சுது, காத்துல அவருக்கு மூச்சு முட்டிச்சு. குறைச்சா பேசலாம்னுதான் குறைக்கச் சொன்னாரு. கண்ணை மூடிட்டுக் காத்துக்கிட்டே இருந்தாராம். நீ குறைக்காமலே போயிட்டியாம்."

பெட்டிக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இறால்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, முக்காலியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன்.

"அவர் கோவிச்சுக்கிட்டாரா?" என்றேன்.

"இல்ல. மாப்பிள்ளைக்குக் காது கேக்கல போலன்னாரு."

நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. படகில் இருப்பது போலவே இருந்தது, ஃபோனை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர்தான் கேட்டார்.

"அடுத்த ஞாயிறு போவியா?"

"போவேண்ணே."

"போடறப்போ எனக்கு ஒரு ஃபோன் பண்ணு. மோட்டார் இறங்கற சத்தத்தைக் கேட்டு ஒரு வாரமாச்சு."

"படகுல ஃபோன் கூடாதுன்னீங்களே?"

"பண்ணு, தம்பி" என்றார்.